மணலில் புதையாத ஜாக்கி

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, ஓடை நடுவில், ஜீப்பின் பின்சக்கரம் புஸ் என்றது.

ஜீப்புக்குள் ஏழு பெண்கள் இருந்தார்கள். மேலத்தோப்பு நடுநிலைப் பள்ளியின் கபடி அணி. ஏழு பேருக்கும் மஞ்சள் பனியன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எட்டு மணிக்கு ஆட்டம். ஏழே முக்காலுக்குள் மைதானத்தில் பேர் கொடுக்க வேண்டும்.

வண்டியை ஓட்டியவர் ரத்தினம். அணியிலேயே சின்னவளான பாண்டிசெல்வியின் அப்பா. இறங்கி டயரைப் பார்த்தார். விரல் நீளக் கருவேல முள் ஒன்று குத்தி நின்றது.

"பத்து நிமிசம். மாத்திருவோம்," என்றார்.

எல்லோரும் இறங்கித் தள்ளி நின்றார்கள். செல்வியின் அப்பா இருக்கைக்கு அடியிலிருந்து ஜாக்கியை எடுத்தார். கத்தரிக்கோல் போல விரியும் பழைய ஜாக்கி. அதை வண்டிக்கு அடியில் வைத்துத் திருகினார். வண்டி மேலே போக வேண்டும். வண்டி போகவில்லை. ஜாக்கி கீழே போனது.

மணலுக்குள் அது மெதுவாக, அவசரமே இல்லாமல் புதைந்தது. அப்பா ஒரு கல்லை அடியில் வைத்தார். கல்லும் புதைந்தது. இன்னொரு கல் வைத்தார். ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்பா பதறிக் கையை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் தென்னந்தோப்புக்கு வேலைக்கு வந்த எட்டுப் பேர் சேர்ந்து வண்டியைக் கையாலேயே தூக்கிப் பிடித்தார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு நாற்பது. நடுவர் விசில் ஊதி, நோட்டில் எழுதி முடித்திருந்தார். எதிரணி ஆடாமலே ஜெயித்துவிட்டது.

செல்வி ஒன்றைக் கவனித்தாள். ஜெயித்தவர்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி காலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

மேலத்தோப்பு, சோழபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் அந்த மணல் ஓடை. பஸ் ஓடையைத் தாண்டாது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிதான் தாண்டும். அப்படி ஒரு வண்டிதான் ஊரில் உண்டு. ரத்தினத்தின் பச்சை ஜீப். அதை எல்லோரும் கிளி என்று கூப்பிடுவார்கள்.

அதுவரை கிளியை யாரும் குறை சொன்னதில்லை. அந்த வாரம் சொன்னார்கள். அந்த வண்டியை நம்பிப் பிள்ளைகளை அனுப்ப முடியாது என்றார் ஒருவர். அணித் தலைவி முத்துமாரியின் அப்பா, இனி இவள் கபடிக்கே போக வேண்டாம் என்றார்.

ஜெயசித்ரா டீச்சர் வீடு வீடாகப் போய்ப் பேசினார். அடுத்த சனிக்கிழமை இன்னும் ஓர் ஆட்டம் இருக்கிறது. முந்தின ஆட்டங்களில் எடுத்த புள்ளிகள் கையில் இருப்பதால், அதில் ஜெயித்தால் கோப்பை. அதற்கும் பிந்திப் போனால் பள்ளியின் பெயரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

முத்துமாரியின் அப்பா நெடுநேரம் மீசையைத் தடவினார். பிறகு சொன்னார்.

"ரத்தினம் மொதல்ல ஒரு நல்ல ஜாக்கி வாங்கட்டும். பொறவு பாப்போம்."

ஆக, ஏழு பெண்களின் கபடி இப்போது ஒரு ஜாக்கியின் கையில் இருந்தது.

செல்வியின் அம்மா அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதைப் பற்றி யோசித்தாள். அம்மா எதையும் சாப்பிடும்போதுதான் யோசிப்பாள். அதுவும் மணைப்பலகையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கனமான பலகை அது. இரண்டு விரல் தடிமன். வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது.

"செல்வி, நீயும் அப்பா கூடப் போ," என்றாள் அம்மா. "போன தடவ ஜாக்கி வாங்கப் போன மனுசன் ஹாரன் வாங்கிட்டு வந்தாரு."

அது உண்மைதான். ஹாரன் நல்ல ஹாரன். ஏழு விதமாகக் கூவும். ஆனால் அப்பாவுக்கு, கடைக்காரர் எதையாவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல வராது. அப்பா குனிந்து ரசத்தைக் குடித்தார்.

செல்வி மறுநாளே வேலையைத் தொடங்கினாள். டயரில் காற்று இல்லாதபோது வண்டி எவ்வளவு தணிந்து நிற்கும் என்று தெரிய வேண்டும். அந்த இடைவெளிக்குள் நுழைகிற ஜாக்கிதான் வேண்டும். அப்பாவிடம் கெஞ்சி ஒரு டயரில் காற்றை இறக்கச் சொன்னாள்.

அளப்பதற்கு நாடா வேண்டும். அந்த வீட்டில் நாடாவுக்கா பஞ்சம்? அம்மாவுக்கு, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் வேலை. கழித்துப் போட்ட துண்டுகள் வீடு முழுக்கக் கிடக்கும். ஊறுகாய் ஜாடியின் வாயைக் கட்டியிருப்பது பேண்டேஜ். செல்வியின் ரெட்டைச் சடையில் பேண்டேஜ். கிளியின் ஸ்டீயரிங்கைச் சுற்றியும் பேண்டேஜ். புதிதாகப் பார்ப்பவர்கள், வண்டிக்கு எங்கே அடிபட்டது என்று கேட்பார்கள்.

செல்வி ஒரு துண்டை எடுத்தாள். பின்சக்கரங்களுக்கு நடுவில் ஓடும் இரும்புத் தண்டிலிருந்து தரை வரை பிடித்தாள். பேனாவால் கோடு போட்டாள். சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். அப்பா காற்றடிக்கும் பம்பைக் காலால் மிதித்து மிதித்து அரைமணி நேரம் மூச்சு வாங்கினார்.

புதன்கிழமை மாலை இருவரும் ராஜபாளையம் போனார்கள். அழகுராஜாவின் உதிரிபாகக் கடை பஜாரை ஒட்டிய தெருவில் இருந்தது. கடைக்கு எதிரே புதிதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவோரம் மணல் குவிந்து கிடந்தது.

கடையில் அப்பாவின் சிநேகிதர் பொன்னுராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுகிறவர். எந்தப் பேச்சிலும் லாரியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

"ஏலே ரத்தினம், ஓடைக்குள்ள படுத்துக் கெடந்தியாமே," என்றார்.

அப்பா சிரித்து மழுப்பினார். ஜாக்கி வாங்க வந்ததாகச் சொன்னார். அவ்வளவுதான், பொன்னுராஜ் டீயைக் கீழே வைத்துவிட்டார். ஐந்து டன் ஜாக்கி எல்லாம் பொம்மை என்றார். தன் லாரியில் இருப்பது இருபது டன் என்றார். அழகுராஜா பத்து டன் ஜாக்கி ஒன்றைத் தூக்கி மேஜை மேல் டம்மென்று வைத்தார். சிவப்பு நிறம். பெரிய பாட்டில் போல இருந்தது. நடுவில் ஒரு தண்டு. பக்கத்தில் அடிக்கிற பிடி. உள்ளே இருக்கும் எண்ணெய்தான் பாரத்தைத் தூக்கும்.

அப்பாவின் கண்கள் மின்னின. ஹாரன் வாங்கிய அன்றும் இப்படித்தான் மின்னியிருக்கும் என்று செல்வி நினைத்தாள்.

"கிளி எம்புட்டு கனம்ப்பா?" என்று கேட்டாள்.

"ரெண்டு டன் வரும்."

"அப்ப பத்து டன் எதுக்கு?"

"பலமா இருக்கட்டும்னுதான், பாப்பா," என்றார் அழகுராஜா.

செல்வி பையிலிருந்து பேண்டேஜை எடுத்து ஜாக்கியின் பக்கத்தில் பிடித்தாள். ஜாக்கி உயரமாக இருந்தது. நுழையாது என்றாள். அழகுராஜா வாங்கி அவரும் பிடித்துப் பார்த்தார். இப்போது சரியாக இருந்தது. நுழையும் என்றார். அப்பா பிடித்தபோது பாதி நுழைந்தது. செல்விக்கு ஒன்றும் புரியவில்லை.

பொன்னுராஜ் துண்டின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தார். அது ஜவ்வு மாதிரி நீண்டது. கோடு எங்கேயோ போனது.

"இந்த அளவுக்கு லாரியே உள்ள போகும், தாயி," என்றார்.

சுளுக்குக்குக் கட்டுகிற பேண்டேஜ். இழுத்தால் நீளும்படியே நெய்வது. கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். செல்விக்குக் காது சுட்டது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. பேண்டேஜைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள்.

வாசலில் கிளி நின்றது.

"வண்டியே வாசல்லதான நிக்குது. வச்சே பாத்திருவமே," என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். பம்பை மிதித்த காலைத் தடவிக்கொண்டார். பக்கத்துக் கடையில் காற்று மெஷின் இருப்பதை அழகுராஜா நினைவுபடுத்திய பிறகுதான் சம்மதித்தார்.

பின்சக்கரத்தில் காற்றை இறக்கினார்கள். பத்து டன் ஜாக்கி நுழையவில்லை. அதன் தலை இரும்புத் தண்டில் முட்டியது. இரண்டு விரல் உயரம் கூடுதல். பொன்னுராஜ் அதைப் படுக்கவைத்துக்கூடத் தள்ளிப் பார்த்தார்.

அழகுராஜா அடுத்ததாக ஆள் உயர ஜாக்கி ஒன்றைக் கொண்டுவந்தார். காட்டுக்குள் போகிற வண்டிக்காரர்கள் விரும்பி வாங்குவார்களாம். அது வண்டியின் முன் கம்பியில் மாட்டித் தூக்கும். கிளியின் முன் கம்பியோ ஒரு பக்கம் கயிற்றால் கட்டியது. தூக்கினால் கம்பி மட்டும் தனியாக மேலே வரும். அதையும் உள்ளே கொண்டுபோனார்.

செல்வி குனிந்து கடையின் கீழ்த்தட்டைப் பார்த்தாள். தூசிக்குள் குட்டையாக ஒன்று இருந்தது. நீல நிறம். அடிப்பாகம் அகலம். தலையில் ஒரு திருகு. திருகினால் கழுத்தை நீட்டுவதுபோல இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. பக்கத்தில் ஐந்து டன் என்று எழுதியிருந்தது.

"அத யாரும் கேக்க மாட்டாக, பாப்பா. பாக்கக் குள்ளமா இருக்கும்," என்றார் அழகுராஜா.

"நானும்தான் குள்ளம்," என்றாள் செல்வி.

அது சுலபமாக நுழைந்தது. மேலே மூன்று விரல் இடம் மிச்சம் இருந்தது. அழகுராஜா பிடியை அடித்தார். கிளி அலுங்காமல் உயர்ந்தது. அவருக்கே ஆச்சரியம். பில் புத்தகத்தை எடுக்கத் திரும்பினார்.

"மாமா, அந்த மணல்ல வச்சுப் பாக்கலாமா?"

அவர் எதிரே இருந்த குவியலைப் பார்த்தார். நல்ல சிமெண்டுத் தரை இருக்கும்போது மணலில் எதற்கு என்று கேட்டார்.

"எங்க ஓடையில சிமெண்டு கெடையாதே."

பொன்னுராஜ் தொடையில் தட்டிச் சிரித்தார். முப்பது வருடத்தில் கடைக்கு வந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று அழகுராஜா சொன்னார். என்றாலும் வந்தார். வீடு கட்டுகிற கொத்தனாரிடம் கேட்டுக்கொண்டு, காற்று இறங்கிய சக்கரத்தோடு கிளியை மெதுவாக மணலில் ஏற்றினார்கள். நீல ஜாக்கியை வைத்து அடித்தார்கள்.

அதுவும் புதைந்தது.

பழையதைப் போலச் சாயவில்லை. நேராக, மரியாதையாகப் புதைந்தது. ஆனாலும் புதைந்தது.

மணலில் நிற்கிற ஜாக்கியை இந்த உலகத்தில் எவனும் செய்யவில்லை என்று அழகுராஜா கடைசியில் சொன்னார். செல்விக்கு முத்துமாரி அப்பாவின் மீசை நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

குனிந்ததால்தான் தன் காலடித் தடங்களைப் பார்த்தாள். குதிகாலை ஊன்றிய இடங்களில் ஆழமான குழி. முழுப் பாதமும் பதிந்த இடத்தில் லேசான தடம்தான். அவள் வேண்டுமென்றே குதிகாலால் நின்றாள். புதைந்தாள். முழுப் பாதமும் வைத்து நின்றாள். புதையவில்லை.

"அப்பா, இதுக்குப் பாதம் சின்னது. பெரிய பாதம் வேணும்," என்றாள்.

அழகுராஜா கடைக்குள் போய்ப் பெட்டி மூடி ஒன்றைக் கொண்டுவந்தார். மெல்லிய பலகை. மணலில் போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்தார்கள். கிளி எழுந்தது. ஜாக்கி அசையவில்லை. அப்பா வாய்விட்டுச் சிரிக்கப் போன நேரத்தில் பலகை படாரென்று முறிந்தது.

ஆனால் இப்போது எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. தடிமனான பலகை வேண்டும். ஜாக்கிக்கு மேலே மூன்று விரல் இடம் இருக்கிறது. பலகை இரண்டு விரல் தடிமனுக்குள் இருக்கலாம்.

நீல ஜாக்கியை வாங்கினார்கள். பலகையை நாளைக்கே மரக்கடையில் வாங்கிவிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். கிளம்பும்போது பொன்னுராஜ் செல்வியைக் கூப்பிட்டார். தன் லாரிக்கு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். குரலில் கேலி இல்லை.

வியாழக்கிழமை அப்பா மரக்கடைக்குப் போக மறந்தார். வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. கடைக்கு விடுமுறை.

சனிக்கிழமை விடிகாலையில் செல்வி பனியனைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நின்றாள். அம்மா காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். வெளியே கிளி உறுமிக்கொண்டிருந்தது. பலகை இல்லை.

அடுப்படிச் சுவரில் மணைப்பலகை சாய்ந்திருந்தது.

செல்வி அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். சரியாக இரண்டு விரல். ஷிப்டு முடிந்து அம்மா மதியம் மூன்று மணிக்குத்தான் வருவாள். அதற்குள் திருப்பி வைத்துவிடலாம். ஒரு சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அப்பா சாக்கைப் பிரித்துப் பார்த்து அசந்துபோனார். நல்ல வேங்கை மரப் பலகை, எங்கே பிடித்தாய் என்று கேட்டார். செல்வி விழித்தாள். அப்பா அந்தப் பலகையைச் சரியாகப் பார்த்ததே இல்லை. அவர் பார்க்கும்போதெல்லாம் அதன்மேல் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

"கெடச்சுதுப்பா," என்றாள்.

ஆறு பத்துக்குக் கிளி ஓடையில் இறங்கியது. ஏழு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நாலு சக்கரமும் மணலை அள்ளி வீசின. கிளி அக்கரையில் ஏறியது. புஸ் என்ற சத்தம் வரவே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். செல்விக்கு மட்டும் லேசான ஏமாற்றம்.

பயத்தில் அப்பா ராஜபாளையத்தில் இரண்டு இடத்தில் நிறுத்தி டயரில் காற்று சரிபார்த்தார். மறுபடி கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் போகும்போது மணி ஏழு பத்து.

கண்மாய்க்கரை ஓரம் ஒரு வேன் சாய்ந்து நின்றது. முந்தின நாள் பெய்த மழையில் ஓரமெல்லாம் கரம்பை, வழுக்குகிற களிமண் சேறு. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது வேன் சேற்றில் இறங்கிவிட்டது. பின்டயரும் காற்றில்லாமல் சப்பி இருந்தது. டிரைவர் சேற்றில் மண்டியிட்டு ஒரு கத்தரி ஜாக்கியைத் திருகிக்கொண்டிருந்தார். அது மெதுவாக, அவசரமே இல்லாமல் புதைந்துகொண்டிருந்தது.

வேனுக்குப் பக்கத்தில் சிவப்புப் பனியன் போட்ட ஏழு பெண்கள் நின்றார்கள்.

அப்பா வேகத்தைக் குறைத்தார். இன்று மேலத்தோப்போடு ஆட வேண்டியவர்கள் அவர்கள்தான். ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றின் அணி.

முத்துமாரி மெதுவாகச் சொன்னாள். அவர்கள் ஏழே முக்காலுக்குள் வராவிட்டால் கோப்பை நமக்குத்தான். போன வாரம் நமக்காக யாரும் விதியை மாற்றவில்லையே. அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. பின்னால் இருந்த இரண்டு பேர் ஆமாம் என்றார்கள்.

செல்விக்கு வேப்ப மரத்தடி நினைவுக்கு வந்தது. காலால் கோடு போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண். அந்தக் கொட்டாவி.

"ஆடாம ஜெயிச்சா வீட்டுல போயி என்னக்கா சொல்ல?" என்று கேட்டாள். "சும்மா நின்னோம்னா?"

முத்துமாரி வெளியே பார்த்தாள். சிவப்புப் பனியன்களில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க மாமா," என்றாள் முத்துமாரி. முதலில் குதித்து இறங்கியதும் அவள்தான்.

வேன் டிரைவரின் பெயர் பெலிக்ஸ். நீல ஜாக்கியைப் பார்த்ததும் இதுவும் புதையுமே என்றார். செல்வி சாக்கைப் பிரித்தாள்.

வேன் ஜீப்பைவிடத் தணிவு. பலகையோடு வைத்தால் ஜாக்கி அரை விரல் முட்டியது. மற்றச் சக்கரங்கள் உருளாதபடி கல் கொடுத்தார்கள். வண்டி தரையில் நிற்கும்போதே செல்வியும் சிவப்பு அணியின் தலைவி அனுக்ரஹாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கையால் சேற்றைத் தோண்டினார்கள். மற்றவர்கள் வாரித் தள்ளினார்கள். முதலில் யாரும் யாரோடும் பேசவில்லை. பிறகு யாரோ ஒருத்தியின் மூக்கில் சேறு பட்டது. அதற்குப் பிறகு சிரிப்பு நிற்கவே இல்லை.

குழியில் பலகை. பலகைமேல் ஜாக்கி. பிள்ளைகளை எல்லாம் தூரப் போகச் சொல்லிவிட்டு அப்பா பிடியை அடித்தார்.

டக். டக். டக்.

பலகை ஒரு முறை முனகியது. சேறு ஓரத்தில் பிதுங்கியது. அவ்வளவுதான். வேன் எழுந்தது.

பெலிக்ஸ் டயரை மாற்றி முடித்தபோது மணி ஏழு இருபத்து மூன்று. கிளி கயிறு கட்டி இழுத்ததும் வேன் தார்ச்சாலைக்கு வந்தது. இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. ஏழு நாற்பத்து மூன்றுக்கு மைதானத்துக்குள் நுழைந்தன.

மைதானத்தில் காத்திருந்த ஜெயசித்ரா டீச்சர் முதலில் ஓடி வந்தார். பிறகு நின்றார். முழங்கை வரை சேறோடு பதினாலு பெண்கள் இறங்கினார்கள். மஞ்சள் எது, சிவப்பு எது என்று நடுவருக்கே சந்தேகம் வந்தது. போய்க் கழுவிவிட்டு வாருங்கள் என்றார்.

ஆட்டம் நல்ல ஆட்டம். மஞ்சள் ஒரு புள்ளி எடுத்தால் சிவப்பு ஒரு புள்ளி எடுத்தது. கடைசி நிமிடத்தில் இருபதுக்கு இருபது. பாடிப் போக வேண்டிய முறை செல்வியுடையது.

அவள் கபடி கபடி என்று உள்ளே போனாள். அனுக்ரஹாவின் தோளைத் தொட்டுத் திரும்பினாள். அனுக்ரஹா சும்மா விடுவாளா? பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். செல்வி விழுந்தாள். நடுக்கோடு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

முழங்கை வரை கழுவியவள் கணுக்காலைக் கழுவ மறந்திருந்தாள். காய்ந்த கரம்பை, வியர்வையில் மறுபடி குழைந்திருந்தது. அனுக்ரஹாவின் பிடியிலிருந்து கால் விலாங்கு மீனைப் போல வழுக்கியது. செல்வியின் விரல் கோட்டைத் தொட்டது.

விசில்.

அனுக்ரஹா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அது முழுக்கக் கண்மாய்ச் சேறு.

"எங்க வேன் சகதியே எங்களக் கவுத்துட்டு," என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே செல்வியைக் கைதூக்கி எழுப்பிவிட்டாள்.

பெலிக்ஸ் பதினாலு பேருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். அழகுராஜா கடைக்கு வழி கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்பா பலகையைக் கழுவினார். நடுவில் ஜாக்கியின் அடிப்பாகம் நிலா மாதிரி வட்டமாகப் பதிந்திருந்தது. தேய்த்தும் போகவில்லை.

"முத்திரை குத்தியாச்சு. இனி இது கிளியோட பலகை. வண்டிய விட்டு எறங்கவே கூடாது," என்றார்.

அதை ஜாக்கியோடு சேர்த்துப் பேண்டேஜால் இறுக்கிக் கட்டி இருக்கைக்கு அடியில் வைத்தார். செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாயில் பால்கோவா இருந்தது.

ஊருக்குள் நுழைந்தபோது அப்பா ஏழு விதமாகவும் ஹாரன் அடித்தார். முத்துமாரியின் அப்பா வெளியே வந்தார். கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கிளியின் பக்கத்தில் போய் அதன் முதுகில் மெதுவாகத் தட்டினார். அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார்.

அம்மா அன்று சீக்கிரமே வந்து முட்டைக் குழம்பு வைத்திருந்தாள். செல்விக்கும் அப்பாவுக்கும் பரிமாறினாள். கோப்பையைத் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அனுக்ரஹாவின் கையிலிருந்து கால் வழுக்கிய கதையை அம்மா இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். இரண்டு தடவையும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே தனக்கும் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள். வழக்கம்போல, பார்க்காமலே, சுவர்ப்பக்கம் கையை நீட்டினாள். கை வெறும் சுவரைத் தடவியது.

அப்பா வாசலில் நின்ற கிளியைப் பார்த்தார். பிறகு செல்வியைப் பார்த்தார். அவர் எடுத்த கவளம் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. செல்வி கோப்பையைப் பார்த்தாள்.

"ஏட்டி செல்வி, எம் மணைப்பலகைய எங்க?"